எட்டு வயதுப் பூனை இருக்கும் வீட்டிற்கு எந்த நாயைத் தத்தெடுப்பது?

சாம்பல்வால் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு வயதான பெண்பூனை ஒன்று இருக்கிறது. குட்டியாக வந்த நாள் முதல் வீட்டிற்குள்ளேயே வளர்ந்தது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டுள்ளது. நாயோடு ஒருபோதும் பழகியதில்லை. வெளியே நாய் குரைத்தால் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அதற்கு மேல், நாய்களைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பதை அறிய எங்களுக்கு வாய்ப்பு நேர்ந்ததில்லை.

11 வயதிலும் 7 வயதிலும் உள்ள எங்கள் பிள்ளைகள் நீண்டகாலமாக நாய் கேட்டு வருகிறார்கள். விலைக்கு வாங்காமல் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது என்று நானும் என் மனைவியும் முடிவுசெய்து, சென்று பார்த்ததில் இரண்டு நாய்கள் எங்கள் மனத்தில் நின்றன. ஒன்று ஐந்து மாதப் பெண்குட்டி. மற்றொன்று, ஐந்து வயது இருக்கலாம் என்று மதிப்பிடப்படும் நடுத்தர உடல்வாகுள்ள ஆண்நாய். அது முன்பு ஒரு குடும்பத்தோடு வாழ்ந்ததாகச் சொன்னார்கள். இரண்டையும் ஒவ்வொன்றாக வாரில் பிடித்து, கூண்டில் இருந்த ஒரு பூனையின் முன் சற்று நேரம் நிறுத்திக் காட்டினார்கள். குட்டி விடாமல் குரைத்தது. முன்கால்களைத் தாழ்த்தித் தாழ்த்திக் குதித்தது. பெரிய நாயோ ஓசையே இல்லாமல் நின்றது. ஆகவே பெரியது பூனையோடு ஒத்துப்போகும் என்பது அங்குள்ள பணியாளரின் முடிவு.

குட்டியாகக் கொண்டுவந்தால்தான் பூனையோடு சேர்ந்து வளரும் என்கிறார் என் தாயார். என் மனைவிக்குப் பெரிய நாயின் அமைதி பிடித்திருக்கிறது. இரண்டில் எது பொருத்தம், எட்டு வயதுப் பூனை இப்படியொரு மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுமா, ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிழல்நடை எழுதியது:

வணக்கம் நண்பரே. காப்பக நாய்களை நிரந்தர வீடு கிடைக்கும் வரை என் வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறேன். வீட்டில் பூனைகளும் உண்டு. உங்கள் கேள்வியில் என் கவனத்தை இழுத்தது அந்தப் பெரிய நாயின் மௌனம்தான். அதை நற்குணத்தின் அடையாளமாகக் கொள்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பூனையின் முன் நாய் ஓசையின்றி நிற்பதற்கு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். பூனை அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் இருக்கலாம். அல்லது வேட்டை தொடங்கியிருக்கலாம். வேட்டை என்பது கோபத்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. இரையைக் கண்டதும் கண்ணை ஊன்றுவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று அது ஒரு வரிசையில் நடக்கும். அந்த வரிசையின் தொடக்கத்தில் குரைப்புக்கு இடமே இல்லை, ஏனெனில் இரையை எச்சரித்துவிட்டு யாரும் வேட்டையாடுவதில்லை. ஆட்டு மந்தையை மேய்க்கும் நாய் இனங்கள் கண்ணை ஊன்றி ஆடுகளை நகர்த்துவது இதே வரிசையின் முதற்பகுதிதான். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் பின்பகுதி மட்டும் அவற்றிடம் மங்கிப்போயிற்று. ஆகவே நாய் குரைத்ததா இல்லையா என்பதைக் காட்டிலும் அதன் கண்ணும் உடலும் என்ன செய்தன என்பதைத்தான் நீங்கள் கேட்டறிய வேண்டும். உடல் விறைத்து, வாய் மூடி, காதுகள் முன்னோக்கி நிமிர்ந்து, இமைக்காமல் பூனையையே பார்த்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்தாலும் மூக்கருகே தீனியைக் காட்டினாலும் திரும்பாமல் நின்றிருந்தால், அந்த நாயை உங்கள் வீட்டிற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையை முகர்ந்து, தீனியை வாங்கித் தின்றிருந்தால் அது நல்ல செய்தி.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கூண்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனையும், கூடத்தின் குறுக்கே பாய்ந்தோடும் பூனையும் நாயின் கண்ணுக்கு ஒன்றல்ல. துரத்தும் உந்துதலை எழுப்புவது ஓட்டமே. எனவே அந்தச் சோதனையால் கண்டறியக்கூடியது மிகக் குறைவு. அந்த நாய் வாழ்ந்த பழைய வீட்டில் பூனை இருந்ததா என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பத்துச் சோதனைகளுக்கு ஈடாகும்.

குட்டியைப் பற்றி உங்கள் தாயார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இளமையில் அறிமுகமானால் உறவு எளிதாகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பூனை ஆறு மாதத்திற்குள்ளும் நாய் ஓர் ஆண்டிற்குள்ளும் இருக்கும்போது சேர்த்து வைத்த வீடுகளில் இணக்கம் அதிகமாக இருந்தது. ஆனால் உங்கள் வீட்டில் நாய் மட்டும்தான் இளமையாக இருக்கும். பூனைகள் பிற உயிர்களை அச்சமின்றி ஏற்கப் பழகும் பருவம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. உங்கள் பூனைக்கு அது முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து மாதக் குட்டியின் குதியாட்டம் விளையாட்டுக்கான அழைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சீறினால் விலக வேண்டும் என்பது அதற்கு இன்னும் தெரியாது. நாள் முழுவதும் முகத்திற்கு நேரே வந்து நின்று அழைத்துக்கொண்டே இருக்கும். பெரிய நாய் அலட்சியமான வகையைச் சேர்ந்தது என்று உறுதியானால், உங்கள் பூனைக்கு அதுவே எளிதான துணை என்பது என் கருத்து.

கதவோரம் எழுதியது:

நிழல்நடை அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த நாய் என்பதற்கு முன்பாக, நாய் வேண்டுமா என்ற கேள்வியை இந்த வீட்டில் பூனையின் சார்பில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் விரும்புகிறார்கள், பாட்டி கருத்துச் சொல்கிறார். எட்டு ஆண்டுகளாக அந்த வீட்டைத் தன் எல்லையாக வைத்திருக்கும் உயிர்தான் இந்த முடிவின் பெரும்பகுதிச் சுமையைத் தாங்கப்போகிறது.

முதிர்ந்த பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு மிகப் பரவலாக இருக்கிறது. வலியை மறைப்பதில் பூனைகள் வல்லவை என்பதால் வீட்டிலுள்ளோர் அதைக் கவனிப்பதில்லை. நாயிடமிருந்து தப்பிக்கப் பூனை உயரத்தில் ஏறிக்கொள்ளும் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முன்பு அலமாரியின் உச்சிக்குத் தாவிய பூனை இப்போது நாற்காலியில் கால் வைத்து ஏறுகிறதா, இறங்கும்போது தயங்குகிறதா என்று பாருங்கள். தாவ முடியாத பூனைக்கு உயரமான இடம் இருந்தும் பயனில்லை. நாயைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு பூனையை மருத்துவரிடம் காட்டி மூட்டு, பல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காப்பகத்தில், சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்த பின் தத்தெடுப்பை உறுதிசெய்யும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? நாயைத் திருப்பி அனுப்பும் வழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும், அந்த வாய்ப்பைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைப்பதும்தான் அதற்கான விடை. அச்சத்தில் கட்டிலுக்கு அடியிலேயே வாழும் பூனையை வைத்துக்கொண்டு, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

சாம்பல்வால் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் காப்பகத்திற்குச் சென்றோம். பெரிய நாயைப் பூனைகள் இருக்கும் அறையின் வாசலில் நிறுத்தினார்கள். அது உள்ளே ஒருமுறை பார்த்தது. பின் எங்கள் மகளின் காலணியை முகர்ந்தது. பெயர் சொல்லி அழைத்தபோது உடனே திரும்பி வந்து தீனியை வாங்கிக்கொண்டது. அறைக்குள் ஒரு பூனை சட்டென்று கீழே குதித்தபோது தலையை உயர்த்தியதே தவிர வாரை இழுக்கவில்லை. பழைய வீட்டில் பூனை இருந்ததா என்பதற்கு அவர்களிடம் பதிவு இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு என்றார்கள். பூனையையும் மருத்துவரிடம் காட்டினோம். மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. பல்லில் சிறிது காறை படிந்திருப்பதைத் தவிர வேறு குறையில்லை. ஆகவே பெரிய நாயை அழைத்துவரும் எண்ணத்தில் இருக்கிறோம். மருத்துவ முறையிலும் அறிமுக முறையிலும் கவனிக்க வேண்டியவற்றைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் கால்நடை மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதே இறுதியானது என்ற வரம்புக்குள் சிலவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிற்கும் முதலாவதாக நாய்க்கான உண்ணி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயின் முதுகுத் தோலில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. நாய்க்குத் தீங்கு செய்யாத அந்தப் பொருளைப் பூனையின் கல்லீரலால் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லை; உடல் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். நாய்க்கான மருந்தைத் தவறுதலாகப் பூனைக்கு இடுவதால் மட்டுமே இது நேர்வதில்லை. மருந்திட்ட நாயின் முதுகில் உரசிவிட்டுத் தன் உடலை நக்கினாலும், ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலும் நேரும். வீட்டில் பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிப் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குங்கள். நாய்களின் மேல் பெரும்பாலும் காணப்படுவதே பூனைத் தெள்ளுப்பூச்சி எனப்படும் இனம்தான் என்பதாலும், அதை விழுங்கும்போது நாடாப்புழு தொற்றும் என்பதாலும், இரண்டு விலங்குகளுக்கும் ஒரே காலத்தில் மருந்து கொடுக்க வேண்டும். நாய் வீட்டிற்குள் வருமுன்பே பரிசோதனையும் குடற்புழு நீக்கமும் முடிந்திருந்தால் நல்லது. இரண்டிற்கும் வெறிநோய்த் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உணவுத் தட்டுகள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் மிகுதி என்பதால் நாய்கள் அதை விரும்பித் தின்று வயிற்றுப்போக்கிற்கு உள்ளாகும். சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் வரலாம். பூனை தொடர்ந்து நாய் உணவையே தின்று வாழ்ந்தால் விளைவு இன்னும் கடுமையானது. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். பின்னதை 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியன் குழுவினர் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார்கள். எப்போதாவது ஒரு வாய் தின்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

மணல் தட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பூனைக் கழிவை நாய்கள் தின்னும் என்பது பாதிக் காரணம். தட்டில் அமர்ந்திருக்கும் வேளையில் நாய் ஒருமுறை வந்து திடுக்கிட வைத்தால், பூனை அந்தத் தட்டையே கைவிட்டு உங்கள் மெத்தையைத் தேர்ந்தெடுக்கக்கூடும். வீட்டின் வேறொரு பக்கத்தில் இரண்டாவது தட்டு ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள்.

மன உளைச்சல் பூனையின் உடலில் பல நேரங்களில் சிறுநீர் வழியாக வெளிப்படும். அடிக்கடி தட்டிற்குப் போய்ச் சிறிது சிறிதாகக் கழிப்பது, சிறுநீரில் இரத்தம் தெரிவது, கழிக்கும்போது குரல் கொடுப்பது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். முயன்றும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அவசர நிலை. ஆண்பூனைகளிடம் இது மிகுதி என்றாலும் பெண்பூனை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு முழு நாள் ஒன்றுமே உண்ணாத பூனையைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பட்டினி சில நாட்கள் நீடித்தால், அதிலும் பருத்த உடல்வாகுள்ள பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். நாயின் பக்கத்தில் அஞ்ச வேண்டியது கண்ணில் படும் நகக்கீறலுக்கு. ஒரு கண்ணை மூடிக்கொண்டோ நீர் வடித்துக்கொண்டோ நாய் வந்தால் அன்றே காட்டுங்கள்.

நிழல்நடை எழுதியது:

மருந்துச்சீட்டு அவர்களுக்கு நன்றி. பெர்மெத்ரின் பற்றிய செய்தி ஒன்றிற்காகவே இந்த உரையாடல் தொடங்கியது நல்லதாயிற்று. அறிமுகத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நாய் வரும்போது பூனையை ஓர் அறையில் அடைத்து வைக்கச் சொல்வோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடு முழுவதும் தன்னுடையது என்றிருந்த பூனை ஓர் அறைக்குள் சுருங்க, புதிதாக வந்தவர் எங்கும் உலவினால், பூனையின் கணக்கில் அது எல்லையைப் பறிகொடுத்ததாகவே ஆகும். அடைபட வேண்டியது நாய். அதற்கென்று ஓர் அறையை ஒதுக்கி, வாசலில் கம்பித் தடுப்பை நிறுத்துங்கள். முதல் நாட்களில் தடுப்போடு கதவும் மூடியிருக்கட்டும். காப்பகத்திலிருந்து வரும் நாய்க்கும் அந்தச் சிறிய இடம் ஆறுதலாகவே இருக்கும். அமைதியடைய மூன்று நாள், நடைமுறை பழக மூன்று வாரம், வீட்டைத் தன் வீடாக உணர மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தோராயம்தான் என்றாலும், வந்த அன்றே இரண்டையும் நேரில் நிறுத்திப் பார்க்கும் ஆவலுக்கு நல்ல கடிவாளம்.

கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் அறியட்டும். நாய் படுத்த துணியைப் பூனை புழங்கும் இடத்தில் ஓர் ஓரமாகவும், பூனையின் கன்னத்தில் மெல்லத் தேய்த்த துணியை நாயின் அறையிலும் வையுங்கள். பூனை வரும் வழியிலோ அதன் உணவுத் தட்டின் அருகிலோ வைத்துவிடாதீர்கள். விலகிச் செல்லும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். அடுத்து, மூடிய கதவின் இரு பக்கமும் இரண்டிற்கும் உணவு வையுங்கள். பூனை தயங்காமல் உண்ணும் தொலைவிலிருந்து தொடங்கி, அதன் உடல் தளர்ந்திருக்கும் வரை மட்டுமே தட்டைக் கதவை நோக்கி நகர்த்துங்கள். வேகத்தை முடிவு செய்ய வேண்டியது பூனை. பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினமான பாடமாக இருக்கும், பெரியவர்களுக்கும் அப்படியே.

கதவைத் திறந்து கம்பித் தடுப்பின் வழியே பார்க்க விடும் நாள் வரும்போது, நாயை முதலில் நன்றாக நடக்க வைத்துக் களைப்படையச் செய்து, வாரில் பிடித்துப் படுக்க வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டவே கூடாது. கையில் இருக்கும் பூனைக்குத் தப்பும் வழியில்லை. அச்சத்தில் உங்கள் முகத்தையும் கிழிக்கும். அது தானாக வந்தால் வரட்டும், வராவிட்டால் அன்றைக்கு வேண்டாம். பூனையைப் பார்த்துவிட்டு நாய் உங்களை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுங்கள். பூனை கண்ணில் பட்டால் மனிதரைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கமாகப் பதிந்துவிட்டால், பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. நாயின் பார்வை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் நிலைகுத்தினால் அதட்டாமல் தொலைவைக் கூட்டுங்கள். பூனை தோன்றும்போதெல்லாம் திட்டு விழுந்தால், பூனையால்தான் திட்டு என்று நாய் முடிவுக்கு வந்துவிடும்.

பூனை ஒருமுறை சீறினால் பதற வேண்டாம்; இங்கேயே நில் என்று சொல்லும் முறையான அறிவிப்பு அது. சீறலைக் கேட்டு நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டன என்று பொருள். உடலைச் சுருக்கி, காதுகளைத் தட்டையாக்கி, கண்மணி விரிந்து நின்றால் அன்றைய சந்திப்பை முடித்துவிடுங்கள். வாலை உயர்த்தியபடி நடந்துவருவதும், பாதி மூடிய கண்களோடு அமர்ந்திருப்பதும் நல்ல குறிகள். பூனை வாலை இப்படியும் அப்படியும் வீசியடிப்பது எரிச்சலின் அறிகுறி. வால் ஆட்டம் நட்பு என்று நாயிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இதில்தான் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

சாம்பல்வால் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பித் தடுப்பைப் பொருத்திவிட்டோம். நாய் வருவதற்கு முன்பே பூனை அதைச் சுற்றி வந்து ஆராய்ந்து, அதன் நிழலில் படுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஒன்று. நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பிள்ளைகள் பள்ளி செல்கிறார்கள். இரண்டையும் எப்போது தனியே ஒன்றாக விட்டுச் செல்லலாம்?

கதவோரம் எழுதியது:

முதல் சில மாதங்களுக்கு அந்த எண்ணமே வேண்டாம். கண்காணிக்கும் வேளையிலும் தொடக்கத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு நீளமான இலகுவான கயிறு கிடக்கட்டும்; ஓட்டம் தொடங்கினால் காலால் மிதித்து நிறுத்தலாம். பூனை நாயின் முகத்திற்கு முன்னால் வாலை உயர்த்திக் கூடத்தைக் கடந்து செல்வதும், திடீரென்று ஓடினாலும் நாய் தலையைத் தூக்காமல் படுத்திருப்பதும் பல வாரங்கள் தொடர்ந்து நடந்தால், அருகிலிருக்கும் அறைக்குச் சில நிமிடங்கள் சென்று பாருங்கள். பூனை முன்போல உண்கிறதா, வழக்கமான இடத்தில் உறங்குகிறதா, வழக்கமான வேளையில் உங்கள் மடிக்கு வருகிறதா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு அந்தப் பூனை தரும் விடை அதுதான்.

ஆண்டுகள் கடந்து, இரண்டும் ஒரே மெத்தையில் உறங்கத் தொடங்கிய பிறகும், வெளியே கிளம்பும்போது நாயை அதன் அறையில் விட்டுத் தடுப்பைப் பூட்டிச் செல்லும் வீடுகள் பல உண்டு. அதனால் இரண்டிற்கும் எந்த நட்டமும் இல்லை. தாழ்ப்பாளை மட்டும் உங்கள் இளைய பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள்.